கெய்ரோவின் விளக்கு, பாரிஸின் கை



ஆண்டுக்கு ஒரு கைத்தொழிலை எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவர்களின் பக்கம் நின்று பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரின் விருப்பம். இந்த ஆண்டு நான் எடுத்துக்கொண்டது கண்ணாடி. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாரிஸிலும் வியன்னாவிலும், எகிப்து, சிரியா நாடுகளின் பழைய பள்ளிவாசல் விளக்குகளைப் பார்த்துச் செய்யப்பட்ட எனாமல் பூச்சும் பொன்பூச்சும் கொண்ட கலங்கள்.

கண்ணாடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கலங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கினாலே அதிகம். மூலத்துக்கு ஓர் அத்தியாயம், பார்த்துச் செய்ததற்கு ஓர் அடிக்குறிப்பு என்பதே வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஐந்நூறு ஆண்டுகளாகக் கைவிட்டுப் போயிருந்த ஒரு வேலையை, சொல்லித்தர ஆளில்லாமல், எழுதிவைத்த குறிப்பும் இல்லாமல், செய்து முடித்த பொருளை மட்டும் கண்முன் வைத்துக்கொண்டு மீட்டெடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று பார்த்தால் மூலமே நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

முதலில் மூலத்துக்கு வருகிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு விளக்கு இருக்கிறது. உயரம் சுமார் 26 சென்டிமீட்டர். வாய் அகன்று மேல்நோக்கி விரிந்த கழுத்து, பருத்த வயிறு, கீழே ஒரு பாதம். வயிற்றைச் சுற்றிச் சங்கிலி மாட்டக் கண்ணாடியிலேயே வளையங்கள். 1285இல் கெய்ரோவில் இறந்த அமீர் ஐதகீன் அல்-புந்துக்தார் என்பவரின் கல்லறை மண்டபத்தில் தொங்குவதற்காகச் செய்தது. அந்த அமீரின் பதவி, சுல்தானின் வில்லைப் பாதுகாப்பது. ஆகவே விளக்கின் மேல் சிவப்பு வட்டத்துக்குள் பொன்னிறத்தில் இரண்டு விற்கள் முதுகோடு முதுகு வைத்தாற்போல் நிற்கின்றன. பெயர் வாசிக்கத் தெரியாதவருக்கும் இது யாருடைய விளக்கு என்று அந்தச் சின்னம் சொல்லிவிடும்.

இந்த ஐதகீனுக்கு வரலாற்றில் இன்னொரு இடமும் உண்டு. இளவயதில் அடிமையாக விற்கப்பட்டு வந்த ஒருவரை இவர் வாங்கினார். பைபர்ஸ் என்ற அந்த இளைஞர் பின்னாளில் 1260 முதல் 1277 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தானாக உயர்ந்தார். பழைய எசமானரின் பதவிப் பெயரைத் தன் பெயரோடு கடைசிவரை சுமந்தார். எசமானரோ தான் வாங்கியவரிடமே அமீராகப் பணி செய்தார். அடிமைகளாக வந்தவர்கள் படைவீரராகி, அமீராகி, அரியணை ஏறிய மம்லூக் ஆட்சியில் பதவிச் சின்னத்துக்கு இருந்த மதிப்பு இதிலிருந்து புரியும். பரம்பரைப் பெருமை பேச வழியில்லாதவர்கள், வகித்த பதவியைப் பெருமையோடு எழுதிக்கொண்டார்கள். பானம் பரிமாறியவருக்குக் கிண்ணம், எழுத்துப் பணி பார்த்தவருக்கு எழுதுகோல் பெட்டி, போலோ விளையாட்டின் கோல்களைக் காத்தவருக்கு அந்தக் கோல்கள். கோப்பைச் சின்னம் வைத்த விளக்குகளை இன்று பல அருங்காட்சியகங்களில் காணலாம்.

விளக்கு என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் அது விளக்கின் கூடு. உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரும் அதன் மேல் எண்ணெயும் ஊற்றி, திரியை மிதக்கவிட்டு ஏற்றுவார்கள். சுடர் உள்ளிருந்து எரியும்போதுதான் வெளிச்சுவரில் இருக்கிற வேலையின் முழு அர்த்தமும் தெரியும். எனாமல் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும். பூசாமல் விட்ட இடம் ஒளியை விடும். கழுத்தைச் சுற்றிப் பெரும்பாலான விளக்குகளில் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூரின் 35ஆம் வசனம் எழுதப்பட்டிருக்கும். இறைவனின் ஒளியை மாடத்துக்குள் இருக்கும் விளக்குக்கும், அந்த விளக்கைச் சூழ்ந்த கண்ணாடிக்கும், அந்தக் கண்ணாடியை மின்னும் விண்மீனுக்கும் ஒப்பிடும் வசனம் அது. கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கைப் பற்றிய வசனத்தை, விளக்கைச் சூழ்ந்த கண்ணாடியின் மேலேயே எழுதி, உள்ளே சுடரை ஏற்றிவைத்தார்கள். எழுத்தும் பொருளும் பயனும் இப்படி ஒன்றாகக் கூடிவந்த வேறொரு கைவினைப் பொருளை நான் அறியேன்.

இனி வேலைக்கு வருகிறேன். மாணவர்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பின்னால் பாரிஸுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

ஊதுகிறவர் உலையிலிருந்து உருகிய கண்ணாடியைக் குழலின் முனையில் எடுத்து ஊதுகிறார். வயிறு திரண்டதும் அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டி, குழலை எடுத்துவிட்டு, வாயை விரிக்கிறார். பாதமும் வளையங்களும் சூட்டோடு சூடாக ஒட்டப்படுகின்றன. பிறகு கலம் மெல்ல மெல்ல ஆற வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். ஆறிய கலம் எழுதுகிறவரின் கைக்கு வருகிறது. நிறக் கண்ணாடியை மாவாக அரைத்துப் பசையில் குழைத்தால் அதுதான் எனாமல். தங்க ரேக்கையோ தங்கப் பொடியையோ பிசின் கொண்டு இட்டு, அதன் விளிம்புகளில் மயிரிழை போல் செந்நிறக் கோடு இழுக்கிறார். பிறகு நீலம், வெள்ளை, பச்சை, மஞ்சள் எல்லாம் கனமாக ஏற்றப்படுகின்றன. நல்ல விளக்கைத் தடவிப் பார்க்க முடிந்தால் நீலம் மேடாக விரலில் தட்டும்.

இதுவரை பொறுமை இருந்தால் போதும். ஆபத்து இதற்குப் பிறகுதான். எழுதிய எனாமல் கலத்தோடு உருகிப் பிடிக்க வேண்டும். அதற்குக் கலம் மறுபடி நெருப்புக்குப் போக வேண்டும். ஆனால் எனாமலும் கண்ணாடி, கலமும் கண்ணாடி. பூச்சு உருகும் சூட்டுக்கும் கலம் தளர்ந்து குழையும் சூட்டுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. சூடு குறைந்தால் பூச்சு பிடிக்காது, நாளடைவில் உதிரும். கூடினால் பல நாள் வேலை ஒரு நொடியில் சரிந்து உருக்குலையும். அதனால் கலத்தை மீண்டும் கோலில் ஒட்டி, உலைவாயில் காட்டி, இடைவிடாமல் சுழற்றிக்கொண்டே சுட்டிருக்கிறார்கள். சுழற்சி நின்றால் கலம் ஒரு பக்கம் தொங்கிவிடும். சில கலங்களின் அடியில் கோல் ஒட்டிய தழும்பு இரண்டு இருக்கிறது. ஊதியபோது ஒன்று, எனாமல் சுட்டபோது ஒன்று. அந்தப் பட்டறைகளைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த இரண்டு தழும்புகள்தான் சாட்சி.

நிறங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்கு வெள்ளீயம், மஞ்சளுக்குக் காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த கூட்டு, சிவப்புக்கு இரும்பு. நீலத்துக்குக் கோபால்ட் என்றுதான் எல்லாரும் எண்ணுவார்கள். கலத்திலிருந்து துணுக்குக்கூட எடுக்காமல், ஒளியை மட்டும் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் படித்துப் பொருளை இனங்காணும் முறை ஒன்று உண்டு. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவின் மேல் எழுந்தது அது; உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த முறையில் பிரான்சில் மம்லூக் காலக் கலங்களை ஆராய்ந்தபோது, சிலவற்றின் நீல எனாமலில் லாபிஸ் லாசுலி இருப்பது தெரியவந்தது. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுக்கும் நீலக்கல் அது. சூட்டில் நிறம் கெடக்கூடிய கல்லை அரைத்து, நிறம் போகாத அளவுக்கு மட்டும் சுட்டிருக்கிறார்கள். அந்த உலையடியில் நின்றவரின் கண்ணை நினைத்து நான் வியக்காத நாளில்லை.

இந்தக் கண்ணாடி அது பிறந்த நாட்களிலேயே நெடுந்தூரம் போனது. யேமனை ஆண்ட ரசூலித் சுல்தான்கள் தங்கள் சின்னத்தோடு செய்யச் சொல்லி வாங்கினார்கள். ஐரோப்பாவுக்கும் போனது. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘ஈடன்ஹாலின் அதிர்ஷ்டம்’ என்று பெயர் பெற்ற சிரியக் கண்ணாடிக் குவளை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே மஸ்கிரேவ் குடும்பத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தார்கள். அது உடைந்தால் குடும்பத்தின் நற்பேறு போய்விடும் என்பது நம்பிக்கை. 15ஆம் நூற்றாண்டிலேயே அதற்கென்று தோலில் உறை செய்துவைத்தார்கள். எத்தனை தலைமுறைக் குழந்தைகள் ஓடியாடிய வீட்டில் அந்த மெல்லிய குவளை கீறல்கூட விழாமல் தப்பி வந்திருக்கிறது!

வெனிஸ் நகரத்தார் அதைப் பார்த்தும் வாங்கியும் மட்டும் நிற்கவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அல்ட்ரெவாண்டின் குவளை சுமார் 1330இல் வெனிஸில் செய்தது; செய்தவர் தன் பெயரை லத்தீனில் எழுதியிருக்கிறார். ஆக, கிழக்கைப் பார்த்து மேற்கு எனாமல் எழுதிய கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியதல்ல.

14ஆம் நூற்றாண்டின் முடிவோடு எகிப்திலும் சிரியாவிலும் இந்த வேலை நலிந்தது. 1401இல் தைமூர் டமாஸ்கஸைக் கைப்பற்றிக் கைவினைஞர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோனதுதான் காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். கொள்ளைநோய்க்குப் பிந்திய எகிப்தில் பணமும் ஆளும் குறைந்துபோயிருந்தன. விளக்குக்கு ஆணையிடுகிறவர் இல்லையென்றால் உலை எரியாது. எப்படியிருந்தாலும், திசை முற்றிலும் மாறியது. 1569இல் உஸ்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா, இஸ்தான்புல்லில் இருந்த வெனிஸ் தூதர் மார்க்கன்டோனியோ பார்பரோ வழியாக 900 பள்ளிவாசல் விளக்குகளுக்கு வெனிஸிடம் ஆணை கொடுத்தார். எந்த வடிவில் வேண்டும் என்று வரைபடமும் போனது. வெனிஸின் முராநோ தீவைச் சேர்ந்த கிறித்தவக் கண்ணாடி வேலைக்காரர்கள் இஸ்தான்புல் பள்ளிவாசல்களுக்கு விளக்கு செய்தார்கள். அன்று யாரும் அதை விந்தையாக எண்ணவில்லை.

இனி 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ். கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்கள் பலவும் பராமரிப்பின்றிக் கிடந்தன. அங்கே தொங்கிய விளக்குகள் கழற்றப்பட்டு, வணிகர் கைமாறி, ஐரோப்பியச் சேகரிப்பாளர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தை நான் மழுப்ப விரும்பவில்லை. அமீர் ஐதகீனின் கல்லறைக்குச் செய்த விளக்கும் பியர்பான்ட் மார்கன் என்ற செல்வரின் சேகரிப்பிலிருந்துதான் 1917இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு வந்தது. விளக்குகள் இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த அந்த 19ஆம் நூற்றாண்டிலேயே ஓவன் ஜோன்ஸின் அலங்கார இலக்கண நூல் 1856இலும், பிரிஸ் தாவென் கெய்ரோ நகரின் அரபுக் கலையைப் பற்றி வரைந்து வெளியிட்ட பெரும் தொகுதிகள் 1869க்கும் 1877க்கும் இடையிலும் வந்தன. பட்டறைகளில் வேலை செய்கிறவர்களின் மேசைக்கு இஸ்லாமிய வடிவங்கள் வந்துசேர்ந்தன.

ஆனால் படத்தைப் பார்த்து எனாமல் சுட முடியாது. அதற்குப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் வேண்டும். பிலிப்-ஜோசப் பிரோகார் அப்படிப்பட்டவர். 1831இல் பிறந்தார், பழைய பொருள்களைச் செப்பனிடுவது அவர் தொழில். பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் இருந்த பள்ளிவாசல் விளக்குகள் அவரை இழுத்தன. செப்பனிடுகிறவர் பொருளை மற்றவர்கள் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. அவர் பார்வை முதலில் விரிசலுக்குப் போகும். விரிசலின் ஓரத்தில்தான் பூச்சின் கனமும், அதன் கீழே பொன் எவ்வளவு மெல்லியது என்பதும், சிவப்புக் கோடு பொன்னுக்கு மேலா கீழா என்பதும் தெரியும். உடைந்த இடத்தில்தான் வேலை தன்னைக் காட்டும்.

சங்கீதத்தில் குருவின் பாடாந்தரத்தை ஒரு சங்கதி விடாமல் பாடிப் பழகும் சீடனை நாம் நகல் என்று சொல்வதில்லை. பிரோகார் செய்ததும் அதுவே. அவருக்கு வாய்த்த குருமார்கள் ஐந்நூறு ஆண்டுக்கு முன்னே போய்விட்டவர்கள், அவ்வளவுதான். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் தன் கலங்களை வைத்தார். அந்த எனாமலை ஐரோப்பாவில் மீட்டெடுத்தவர் என்று அவர் பெயர் பரவியது. 1878 பாரிஸ் கண்காட்சியில் பரிசும் பெற்றார். அவர் வாழ்ந்த காலத்திலேயே அருங்காட்சியகங்கள் அவருடைய கலங்களை வாங்கின. பிற்காலத்தில் மகனோடு சேர்ந்து பட்டறை நடத்தினார், 1896இல் மறைந்தார்.

பிரோகாரின் விளக்கைப் பழைய விளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி. பழைய கண்ணாடி செடிச் சாம்பலின் உப்பையும் மணலையும் உருக்கியது. இலேசான பழுப்பு அல்லது சாம்பல் சாயல் இருக்கும்; ஊதியபோது சிக்கிய குமிழிகள் இருக்கும்; ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். பிரோகாரின் கண்ணாடி தெளிவானது, சீரானது. அடுத்து எனாமல். அவர் கலத்தைக் கோலில் ஒட்டி உலைவாயில் சுழற்றவில்லை. சுடர் நேராகப் படாத மூடிய உலைக்குள் கலத்தை நிறுத்தி, சூட்டை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். குறைந்த சூட்டில் உருகும் எனாமல் அதற்குத் தேவை. வேறொரு வழியில் போய் அதே இடத்தைச் சேர்ந்தார். அதனால் அவருடைய நீலம் ஒரே பரப்பாக, ஒழுங்காக விழுந்திருக்கும். பொன் எங்கும் தேயாமல் பளிச்சென்று இருக்கும். பழைய விளக்கில் நெருப்பு தொட்ட இடமும் தொடாத இடமும் தெரியும். நீலத்திலேயே ஒரு மூச்சு ஏறி இறங்குவதைக் காணலாம். எது உயர்வு என்று என்னைக் கேட்டால், பழையதே. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தின் காரணத்தை எனக்கு விளங்கவைத்தது பிரோகாரின் சீரான நீலம். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவரை, அது ஏதோ பழமையின் அழகு என்றுதான் எண்ணியிருந்தேன்.

இன்னொன்று, நேர்மையைப் பற்றியது. பிரோகார் தன் கலங்களில் தன் பெயரையும் பாரிஸ் என்ற ஊர்ப்பெயரையும் எனாமலிலேயே எழுதினார். சிலவற்றில் ஆண்டும் உண்டு. பழைய விளக்குகளுக்குப் பெரும் விலை கிடைத்த காலம் அது. பெயரை எழுதாமல் விட்டிருந்தால் வாங்குகிறவர்கள் ஏமாந்திருப்பார்கள், பணமும் கொட்டியிருக்கும். போலிக்கும் பயிற்சிக்கும் நடுவே இருக்கும் கோடு பாதத்தடியில் எழுதிய அந்தப் பெயர்தான். அருங்காட்சியக வேலைக்குப் போக இருக்கும் மாணவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணாடிக் கலத்தைப் பார்க்கும்போது முதலில் அடியைப் பாருங்கள். கோலின் தழும்பும் செய்தவரின் பெயரும் அங்கேதான் இருக்கும்.

வியன்னாவின் கதை வேறு மாதிரி. ஜோசப் லோப்மையர் 1823இல் தொடங்கிய கண்ணாடிக் கடையை அவர் மகன் லுட்விக் பெரிய நிறுவனமாக வளர்த்தார். கலங்களை ஊதியது பொஹீமியாவின் உலைகளில். வடிவத்தையும் அலங்காரத்தையும் தீர்மானித்தது வியன்னாவில். 1873இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி நடந்தபோது எகிப்து அரசுக்கான கட்டடங்களை அமைத்தவர்களில் பிரான்ஸ் ஷ்மோரன்ஸ் என்ற செக் கட்டடக் கலைஞர் முக்கியமானவர். எகிப்தில் தங்கி அந்த நாட்டுக் கட்டடங்களை நேரில் படித்தவர் அவர். பின்பு அவரும் யோஹான் மாஹிட்காவும் சேர்ந்து லோப்மையருக்கு வரைந்த அரபு பாணிக் கலங்கள் 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் போயின. குடங்கள், தட்டுகள், கிண்ணங்கள், குவளைகள் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. பொன் விளிம்புக்குள் நீலமும் சிவப்பும் வெள்ளையும் சிறு சிறு துண்டுகளாக அடைத்து எழுதிய அந்த வேலைக்கு ஒரு கட்டடக் கலைஞனின் கணக்கு தெரியும். பிரோகார் விளக்கிடம் கற்றார் என்றால் ஷ்மோரன்ஸ் சுவரிடமும் கூரையிடமும் கற்றார். அவர் பின்னர் பிராகின் பயன்கலைப் பள்ளிக்கு முதல் இயக்குநரானார்.

நான்சி நகரின் எமில் காலேயையும் இங்கே சொல்ல வேண்டும். 1871இல் லண்டன் சென்றபோது சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தின் தொகுப்பைப் பார்த்தவர். பிரோகார் காட்டிய வழியில் சில ஆண்டுகள் எனாமல் கலங்கள் செய்தார். பிறகு அடுக்குக் கண்ணாடியைச் செதுக்கும் வேறு பாதையில் போய்விட்டார். அவர் பெயர் நிலைத்தது அதனால்தான். பூவையும் தும்பியையும் எழுதிய அந்தக் கைக்கு எனாமல் பழகியது இஸ்லாமியக் கலங்களைப் பார்த்துத்தான் என்பதை அவருடைய ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவர்கள் தவறவிட்டது எது? நான் சொல்வேன், ஒளி.

பாரிஸ் வரவேற்பறையில் அந்த விளக்கு மேசை மேலோ கணப்பு மாடத்தின் மேலோ நின்றது. உள்ளே சுடர் இல்லை. தொங்குவதற்கான வளையங்களை ஒன்றுவிடாமல் செய்தார்கள், சங்கிலி மாட்டவில்லை. கண்ணுக்கு மேலே, இருட்டில், உள்ளிருந்து எரியும்படி அளந்து செய்த பொருள், கண்ணுக்குக் கீழே, பகல் வெளிச்சத்தில், வெளியிலிருந்து பார்க்கும் பூச்சாடியானது. அப்படி ஆனவுடன் பூசாத இடத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அதனால்தான் அந்தக் காலக் கலங்கள் பலவற்றில் பூச்சு இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கிறது. பழைய விளக்கில் பூசாமல் விட்டது ஒளிக்காக. அதைப் பாரிஸின் கை அறிந்துகொள்ள வழியே இருக்கவில்லை, ஏனென்றால் அது பார்த்த விளக்கும் அருங்காட்சியகத்தில் அணைந்தே இருந்தது.

எழுத்துக்கும் அதுவே நேர்ந்தது. பழைய விளக்கிலிருந்து நேராகப் படியெடுத்தவற்றில் அரபு எழுத்து பெரும்பாலும் வாசிக்கும்படியே இருக்கும். எங்கள் ஆண்டவரான சுல்தானுக்குப் புகழ் உண்டாகட்டும் என்ற பொருளில் மம்லூக் காலத்தில் எங்கும் எழுதிய வாழ்த்தைப் பாரிஸில் செய்த கலத்தின் மேலும் காணலாம். வேறு சிலவற்றில் எழுத்தின் உயர்ந்த தண்டுகளும் வளைவுகளும் மட்டும் இருக்கும், சொல் இருக்காது. மொழி தெரியாமல் எழுதியது என்று எளிதாகக் குறை சொல்லலாம். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. எழுத்தாணியின் அழுத்தம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை அந்தக் கைகள் கூர்ந்து கற்றிருக்கின்றன. ஆனால் இழப்பு இழப்புதான். ஒளியைப் பற்றிய வசனம், ஒளியில்லாத கலத்தின் மேல் அணியாக மட்டும் நின்றது.

கதை பாரிஸோடு முடிந்திருந்தால் நான் இந்தத் தலைப்பை எடுத்திருக்க மாட்டேன். கெய்ரோவில் 1881இல் அரபுக் கலைச் சின்னங்களைக் காப்பதற்கென்று ஒரு குழு அமைந்தது. பள்ளிவாசல்களில் எஞ்சியிருந்த விளக்குகளை மேலும் களவு போகாமல் எடுத்துச் சேர்த்தார்கள். அவை முதலில் அல்-ஹாக்கிம் பள்ளிவாசல் வளாகத்திலும், 1903 முதல் பாபுல் கல்க் பகுதியில் எழுந்த அருங்காட்சியகக் கட்டடத்திலும் வைக்கப்பட்டன. மம்லூக் விளக்குகளின் மிகப் பெரிய தொகுப்பு இன்றும் அங்கேதான். சுல்தான் ஹசன் 1356இல் கட்டத் தொடங்கிய மாபெரும் பள்ளிவாசலுக்காகச் செய்த விளக்குகள் பலவும் அதில் அடங்கும். 1929இல் காஸ்தோன் வியட் அந்தத் தொகுப்புக்குப் பட்டியல் எழுதினார்.

அந்தச் சுல்தான் ஹசன் பள்ளிவாசலுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு குறுகிய தெரு மட்டும் விட்டு, அல்-ரிஃபாயி பள்ளிவாசல் நிற்கிறது. எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயீலின் தாயார் குஷ்யார் 1869இல் கட்டத் தொடங்கினார். பணி பல ஆண்டுகள் நின்றுபோய், மறுபடி 1905இல் தொடங்கி 1912இல் நிறைவேறியது. முடித்துக் கொடுத்தவர் மாக்ஸ் ஹெர்ஸ் என்ற ஹங்கேரியர். அவரே அந்த அருங்காட்சியகத்துக்கும் பொறுப்பாளர். பழைய விளக்குகளைத் தினமும் கண்ணால் கண்டவர். புதிய பள்ளிவாசலுக்கு மம்லூக் முறையிலேயே எனாமலும் பொன்னும் இட்ட விளக்குகள் வேண்டியிருந்தன. எகிப்தில் அந்த வேலை தெரிந்த உலை அப்போது இல்லை. ஐரோப்பாவில் செய்வித்து வரவழைத்தார்கள். கெதீவ் இரண்டாம் அப்பாஸ் ஹில்மியின் பெயர் அவற்றில் எழுதப்பட்டது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பாரிஸிலும் பொஹீமியாவிலும் பூச்சாடியாகப் பழகிய கைத்திறன் கெய்ரோவுக்கு வந்தவுடன் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கியது. எழுதிய பெயர் உயிரோடு ஆண்டுகொண்டிருந்த ஒருவரின் பெயர். கீழே தொழுகிறவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். வளையங்களுக்கு மறுபடி வேலை வந்தது. பிரோகார் தலைமுறை மூடிய உலைகளில் பட்ட பாடு இல்லாமல் இது நடந்திருக்காது. தெருவின் ஒரு பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டின் விளக்குகள் இல்லாத சுல்தான் ஹசன். மறுபக்கத்தில் 20ஆம் நூற்றாண்டின் விளக்குகளோடு அல்-ரிஃபாயி. கெய்ரோ போகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே நாளில் போய், அங்கிருந்து பாபுல் கல்க் அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். மூன்றையும் பார்த்தால்தான் ஒரு விளக்கு முழுதாகப் பார்த்ததாகும்.

அந்த அருங்காட்சியகத்துக்கு 2014 சனவரி 24 அன்று பெரும் துயரம் நேர்ந்தது. எதிரே இருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த குண்டு அருங்காட்சியகத்தின் முகப்பையும் காட்சிக்கூடங்களையும் சிதைத்தது. கண்ணாடிப் பொருள்களுக்கு அதிகச் சேதம். எழுநூறு ஆண்டுகள் தப்பி வந்த விளக்குகள் தரையில் சில்லுகளாகக் கிடந்தன. சில்லுகளைப் பொறுக்கி, இனம் பிரித்து, ஒட்டி, 2017 சனவரியில் அருங்காட்சியகத்தை மறுபடி திறந்தார்கள். ஒட்ட முடியாமல் போனவையும் உண்டு.

அதே 2017 சனவரியில் இன்னொரு செய்தி வந்தது. அல்-ரிஃபாயி பள்ளிவாசலின் அரச கல்லறை அறையிலிருந்து ஆறு விளக்குகள் திருடுபோயிருந்தன. அவை மம்லூக் காலத்தவை அல்ல. இரண்டாம் அப்பாஸ் ஹில்மியின் பெயர் தாங்கியவை, செய்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேலானவை. எகிப்தின் தொல்பொருள் அமைச்சகம் நாட்டின் தொன்மைச் செல்வம் களவு போனதாகவே அதை அறிவித்து விசாரணையில் இறங்கியது. கலை வரலாற்று நூல்கள் எந்தப் பத்தியில் வைத்திருந்தாலும், கெய்ரோ மக்களுக்கு அவை தங்கள் பள்ளிவாசலின் விளக்குகள்.

 படங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், அடிப்பாகத்தின் படங்களும் உண்டு. பார்க்க விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.